தாம்பாளத்தில் வைத்த டிரில்லிங் மிஷின்

மாப்பிள்ளை என்னிடம் கேட்டது கனமான மிஷின். நான் வாங்கிக் கொடுத்தது அழகான பெட்டி. இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிட்டால் என் மானம் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் நான் செய்தது இரண்டு வரியில் அடங்காது.

எண்பதுகளின் கடைசி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். நிட்டிங் மிஷினுக்கு ஊசி, பெல்ட், பேரிங், தையல் மிஷினுக்கு எண்ணெய் என்று எது வேண்டுமானாலும் நான்தான் போய் வாங்கி வருவேன். இதனால் இயந்திரம் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் சொந்தபந்தத்தில் என் வாயைத்தான் பார்ப்பார்கள். யார் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும், யார் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். நானும் கம்பெனி பெயர், குதிரைச் சக்தி என்று அடித்து விடுவேன். ஒரு மிஷினைக் கையில் பிடித்து நான் எதையும் செய்தவன் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

என் தங்கையைச் சேவூரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு இரும்புப் பட்டறையில் பத்து வருடம் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். கை மட்டும் பேசும். அவர் போட்ட வெல்டிங்கை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் அவிநாசி ரோட்டோரம் ஒரு சின்ன வீடு கட்டி, வீட்டின் முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பட்டறையும் இறக்கியிருந்தார். இனி அடுத்தவரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, சொந்தத் தொழில். பனியன் கம்பெனிகள் புற்றீசல்போலக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு கம்பெனிக்கும் துணி விரித்து வெட்டுவதற்கு நீள நீளமான கட்டிங் மேஜைகள் தேவைப்பட்டன. கம்பெனிகள் பெரும்பாலும் மாடியில்தான் இருக்கும். படிக்கட்டோ ஒரு ஆள் ஏறும் அகலம். முழு மேஜையாக வெல்டிங் செய்தால் மேலே கொண்டுபோக முடியாது. அதனால் கால்களிலும் சட்டங்களிலும் பட்டறையிலேயே ஓட்டை போட்டு, தனித்தனியாக மேலே கொண்டுபோய், தடித்த போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் வெல்டிங் செட் இருந்தது. இரும்பில் ஓட்டை போடத்தான் சொந்தமாக மிஷின் இல்லை.

எங்கள் பக்கத்தில் புது வீடு பால் காய்ச்சும்போது பொறந்த ஊட்டுச் சீர் என்று ஒன்று உண்டு. பெண்ணின் அண்ணன் தம்பிகள் தாம்பாளங்களில் தேங்காய், பழம், துணிமணி, பாத்திரம் எல்லாம் வைத்து, மேளத்தோடு தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்குவார்கள். வந்திருப்பவர்கள் எல்லோரும் தாம்பாளம் தாம்பாளமாகப் பார்த்துத்தான் அண்ணன்காரனை எடைபோடுவார்கள். என்ன சீர் வேண்டும் என்று தங்கையைக் கேட்டேன்.

"அண்டா குண்டாவெல்லாம் வேண்டாமுங்ணா. இருக்கறதை வெச்சுப் பொழங்கிக்கறேன். அவருக்கு ஒரு டிரில்லிங் மிஷின் மட்டும் எடுத்துக் குடுங்க. பட்டறை நிக்கறதே அதுலதானுங்க இருக்குது" என்றாள்.

மாப்பிள்ளைக்குக் கூச்சம். சீரை வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நான் நான்கு முறை வற்புறுத்திய பிறகு கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். 'அரை இஞ்ச் சக். வேகம் கம்மி. பக்கத்துல கைப்பிடி. கனமா இருக்கோணும்.' சக் என்றால் டிரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய். அவ்வளவுதான் சீட்டு. சின்னப் பிள்ளைகூட அதை எடுத்துக்கொண்டு போய் சரியான மிஷினை வாங்கி வந்திருக்கும்.

கோயம்புத்தூருக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு மிஷின்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சாம்பல் நிறம். வெறும் அலுமினிய உடம்பு, இரண்டு பக்கம் கைப்பிடி, தூக்கினால் தோள் இறங்கியது. அது வந்த அட்டைப்பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மற்றது ஆரஞ்சு நிறம். பளபளவென்ற பெட்டி, அதைத் திறந்தால் உள்ளே பள்ளம் பள்ளமாகச் செய்த ஸ்பாஞ்சில் மிஷின் படுத்திருந்தது. சுற்றிலும் மரம் அறுக்க ஒரு ரம்பம், தேய்க்க ஒரு தட்டு, மெருகேற்ற ஒரு கம்பளிச் சக்கரம், சின்னதும் பெரியதுமாகப் பிட்டுகள். விலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கஞ்சத்தனத்தால் தப்பு செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

"என்ன வேலைக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

சட்டைப் பையில் சீட்டு இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். ஒரு கடைக்காரனிடம் சீட்டைக் காட்டி வாங்குகிற ஆளா நான்? "எல்லா வேலைக்கும்தானுங்க" என்றேன்.

"இரும்புல ஓட்டறதா இருந்தா இந்தக் கனமானதை எடுத்துக்குங்க. இந்த ஆரஞ்சு ஊட்டு வேலைக்குத்தானுங்க. செவுத்துல, மரத்துல போடலாம். நாள் முச்சூடும் இரும்புல ஓட்டுனா தாங்காது."

அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. இதை நான் எத்தனையோ முறை எனக்குள் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஏமாற்றினார், சொல்லவில்லை, அவசரப்படுத்தினார் என்று அவர்மேல் எதையாவது போட முடியுமா என்று தேடினேன். முடியவில்லை. அந்த மனிதர் நான்கு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் அப்போது தாம்பாளத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வெற்றிலை பாக்கு மஞ்சளுக்கு நடுவில் அந்தச் சாம்பல் நிறச் சாமானை வைத்து மேளத்தோடு தெருவில் கொண்டுபோனால் எப்படி இருக்கும்? மாப்பிள்ளையின் அத்தைமார்கள் நான்கு பேர். 'பழைய இரும்புக் கடையில எடுத்துட்டு வந்துட்டானாட்ட இருக்குது' என்று அவர்கள் முந்தானைக்குள் சிரிப்பது எனக்கு அங்கேயே கேட்டது.

"சீர் வரிசைக்குங்க. தாம்பாளத்துல வெக்கறதுக்கு இது நல்லா இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தாம்பாளத்துல வெக்கறதுக்கு இதுதானுங்க நல்லா இருக்கும்" என்றார்.

நல்லாத்தான் இருந்தது. அண்டா தூக்கி வந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு, மூடி திறந்து, ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்த அந்தப் பெட்டியைத்தான் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வாசலில் சீரை இறக்கியதும் அத்தைமார்களில் ஒருவர் "இதென்னுங்க, டாக்டர் பொட்டியாட்ட இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரண்ட் ஒயரை இழுத்துச் சொருகி, ஒரு பலகைத் துண்டில் ஓட்டை போட்டுக் காட்டினேன். கம்பளிச் சக்கரத்தை மாட்டி ஒரு பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

கடைசியில் மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கினார். சக்கின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அதில் கோபம் இல்லை. ஒரு கேள்வி இருந்தது. நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நல்லா இருக்குதுங் மச்சான்" என்றார்.

அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே நான் போய், "கடையில மாத்திக் குடுத்துட்டாங்க மாப்ளே, போயி மாத்தீட்டு வந்தர்றேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டியது நான்தான், அவரால் முடியாது. தாம்பாளத்தில் வந்து இறங்கிய சீரைத் திருப்பி அனுப்பினால் பெண்ணின் பிறந்த வீட்டை அவமதித்ததாக ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டே இன்னொரு மிஷின் வாங்கினாலும் அதே பேச்சுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன். ஊர் முழுக்க என் சீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டிருப்பது சுகமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் அவிநாசியில் ஒரு கம்பெனி அவருக்குப் பத்து மேஜை ஆர்டர் கொடுத்தது. சொந்தப் பட்டறையின் முதல் பெரிய வேலை. புதிதாக வந்த எக்ஸ்போர்ட் ஆர்டருக்குத் துணி வெட்ட வேண்டும், மேஜை தாமதமானால் எல்லாம் தாமதமாகும் என்று மேனேஜர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அந்தச் சின்ன மிஷினை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டார் என்பதைப் பிறகு தங்கை சொல்லித்தான் அறிந்தேன். முதலில் பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை. அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரியது. பெரிய போல்ட்டுக்கு வேண்டிய பிட்டு அந்தச் சக்கில் நுழையாது என்பதால் மீதியை அரத்தால் ராவி ராவி அகலப்படுத்தினார். ஒவ்வொரு ஓட்டைக்கும் பிறகு மிஷினைக் கீழே வைத்துச் சூடு ஆறுகிறவரை உட்கார்ந்திருப்பார். இரண்டு மேஜை போய்ச் சேர்ந்தது. மூன்றாவது மேஜையில் மிஷினிலிருந்து புகை வந்து நின்றுவிட்டது.

தகவல் கிடைத்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் எனக்குக் கோபம். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பட்டறைக்குள் நுழைந்தபோது கம்பெனி மேனேஜர் அங்கே நின்றுகொண்டிருந்தார், மேஜை என்னாயிற்று என்று பார்க்க வந்திருந்தார். என் தங்கை காபி டம்ளரோடு கதவோரம் நின்றாள். மிஷின் தரையில் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. கருகிய வாசம் இன்னும் போகவில்லை.

மேனேஜர் அதைக் காலால் காட்டி, "யாருங்க இந்த மிஷினை வாங்குனது?" என்றார்.

நான் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது. "நானுங்க" என்று ஒரே வார்த்தை.

"மிஷின்ல ஒண்ணும் குத்தமில்லீங்க. புடிக்கறதுல இருக்குது" என்றேன். அதோடு விட்டேனா? மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "பத்து வருஷம் பட்டறையில இருந்திருக்கறீங்க, ஒரு மிஷினை எப்படிப் புடிக்கோணும்னு தெரியாதுங்களா? இத்தன முரட்டுத்தனமா அழுத்துனா எந்த மிஷினுங்க தாங்கும்? பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தனுங்களே!" எங்கள் ஊரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அந்த மரியாதை போதும் என்று நினைத்துக்கொள்வோம்.

மாப்பிள்ளை கையிலிருந்த அரத்தைச் சாக்கின்மேல் வைத்தார். மேனேஜர் "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் கைகளைப் பார்த்தார். வேலைக்காரனின் கையை அப்படி ஒருவர் பார்த்த பிறகு அவனுக்கு அங்கே வேலை இல்லை. மீதி மேஜைகள் திருப்பூரில் வேறொரு பட்டறைக்குப் போயின. 'ஆள் நல்ல ஆள்தான், கை மொரடு' என்ற பேச்சு கம்பெனி கம்பெனியாகப் போயிற்று. அது என் வாயிலிருந்து கிளம்பிய பேச்சு. வெல்டிங் போட்டால் ஆட்கள் நின்று பார்க்கிற அந்தக் கையை நான் மொரடு என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த தைக்குள் பட்டறையை மூடிவிட்டு, விட்டு வந்த பழைய பட்டறைக்கே கூலிக்குப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் தங்கை எருமை கட்டினாள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவள் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். "பக்கத்துல பூண்டியில சாமி செலை செதுக்கறவரு ஒருத்தர், கல்லுல ஓட்டை போடற பெரிய மிஷினை எரவலாத் தர்றேன்னு மேஜை வேலை நடக்கறப்பவே சொன்னாருங்ணா. இவரு கேக்கல. மச்சான் சீர் குடுத்த மிஷின் இருக்கறப்ப, இன்னொருத்தன் மிஷின் பட்டறைக்குள்ள வந்தா நல்லா இருக்காதுன்னுட்டாரு. புடிவாதம். கை பலத்தைக் கொஞ்சம் அடக்கியிருந்தா இப்படி ஆயிருக்குமுங்களா?"

அவள் என்னை நம்பினாள். அண்ணன் வாங்கிய மிஷின் தப்பாக இருக்காது, புருஷனின் கைதான் தப்பு என்று நம்பினாள். நான் "உடு சாமி, எல்லாம் நேரம்" என்றேன். இப்போது எழுதும்போதுகூட அந்த 'நேரம்' என்ற சொல்லை எழுதக் கை கூசுகிறது.

ஐந்தாறு வருடம் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஒரு வீடு கட்டினேன். குடிபோன வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஜன்னல்களுக்குத் திரைக் கம்பி மாட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தேன். "ஆளெதுக்குங் மச்சான், நான் போட்டுத் தர்றேன்" என்று சொன்னவர், வண்டியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செப்புக்கம்பிக் காயில் சுற்றி, துடைத்து வைத்திருந்தார். ரம்பம், தட்டு, கம்பளிச் சக்கரம் எல்லாம் அந்தந்தப் பள்ளத்தில் அப்படியே இருந்தன.

ஸ்டூல்மேல் ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். தங்கை சமையலறையில் என் மனைவியோடு இருந்தாள். மிஷின் சுவரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "நல்ல மிஷினா இருக்குதுங்களே" என்றார்.

"மச்சான் பார்த்து வாங்கிக் குடுத்ததுங்க. ஊட்டு வேலைக்கு இதை அடிச்சுக்க முடியாதுங்க" என்றார் மாப்பிள்ளை.

பக்கத்து வீட்டுக்காரர் போன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "மாப்ளே, நீங்க எழுதிக் குடுத்த சீட்டை நான் கடையில எடுக்கவே இல்லீங்க. இரும்புக்கு ஆகாதுன்னு கடைக்காரர் சொன்னாருங்க. சொல்லியும் நான்தான் இதை எடுத்தேன்."

அவர் சுவரில் போட்ட ஓட்டையை ஊதினார். "தெரியுமுங் மச்சான்" என்றார்.

"தெரியுமுங்களா?"

"பால் காச்சுன அடுத்த வாரம் பிட்டு வாங்கறதுக்குப் போனனுங்க. பொட்டில கடை பேரு ஒட்டியிருந்துது, அங்கயே போனேன். பொட்டியப் பாத்ததும் கடைக்காரரு, சீருக்குன்னு ஒருத்தர் வாங்கீட்டுப் போனாரே, அது எப்படி ஓடுதுன்னு கேட்டாரு. எல்லாஞ் சொன்னாருங்க."

அப்படியென்றால் மேஜை ஆர்டர் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். மேனேஜர் முன்னால் நான் அவரை வேலை தெரியாதவன் ஆக்கிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு வார்த்தையும் பொய் என்று தெரிந்தே நின்றிருக்கிறார். ஸ்டூலை நான் பிடித்திருந்தேனா, அது என்னைப் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாது.

"அப்புறம் ஏனுங்க மாப்ளே அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லுல? உங்க பட்டறையே போச்சுங்களே!"

"உங்க தங்கச்சி அங்க நின்னுட்டிருந்தாளுங்க" என்றார். "அண்ணன்னா அவளுக்கு உசுருங்க."

நான் எதையாவது சொல்வதற்குள் தங்கை காபியோடு வந்துவிட்டாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்ணா, என்னமோ மாதிரி இருக்கறீங்க? இவரு செவுத்தை ஒடைச்சுட்டாருங்களா? கை மொரடுன்னு தெரிஞ்சுமா இவர்கிட்ட குடுத்தீங்க?" என்று சிரித்தாள்.

அதுதான் சரியான சமயம். அவளும் இருந்தாள், அவரும் இருந்தார், வேறு யாரும் இல்லை. ஆறு வருடமாக அவள் தன் புருஷனைப் பற்றி நம்பிக்கொண்டிருந்த ஒரு பொய்யை நான் ஒரே மூச்சில் அழித்திருக்கலாம். வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை ஸ்டூல் மேலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல புள்ள. கம்பி எத்தன ஒசரத்துல இருக்கோணும்னு பேசீட்டிருந்தோம்" என்று அவளிடம் சொன்னார்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் "ஆமா கண்ணு" என்றேன்.